ஜோதியின் பட்டமும் என் பட்டன் போனும்

என் மருமகள் ஜோதி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். வீட்டில் இருக்கிற ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள் என்று நோட்டும் பேனாவுமாக என் எதிரே வந்து உட்கார்ந்தாள். என்னைப் பற்றி எழுதப் போகிறாளாம். என்னைப் பற்றி எழுத என்ன கிடக்கிறது? உன்னைப் பற்றி நான் சொல்கிறேன், நீ எழுது என்றேன். மாட்டேன் என்றாள். அப்படியானால் நானும் வாயைத் திறக்க மாட்டேன் என்று வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து அவளே இறங்கி வந்தாள். ஆகவே சொல்வது நான், எழுதுவது ஜோதி. நான் சொன்னதில் ஒன்றையும் விடக் கூடாது என்பது பேச்சு.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அவள் படித்த காலம் முழுக்க எனக்கு அவள்மேல் பொறாமை. எழுது.

ஜோதி லால்குடிப் பக்கத்துப் பெண். அப்பா அழகிரி வாழை போட்டவர். நான் முப்பது வருடம் வாழை இலை வியாபாரம் செய்தவள். தோட்டத்தில் இலையை வாங்கி, கட்டுக் கட்டி, காந்தி மார்க்கெட்டுக்கும் ஓட்டல்களுக்கும் போடுவேன். எனக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும். இலை எண்ணிப் பழகிய கை, ஒண்ணாம் நம்பர் பஸ் பார்த்துப் பழகிய கண். அழகிரி தோட்டத்து இலைதான் கிழிசல் இல்லாமல் இருக்கும். இலை வாங்கப் போன இடத்தில்தான் பெண்ணையும் பார்த்தேன். பன்னிரண்டாவதில் நல்ல மார்க். மேலே படிக்க வைக்க அவரால் முடியவில்லை. பத்தொன்பது வயதில் எங்கள் மேலூர் ரோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

படிப்பில் ஆசை உள்ள பெண் என்று அப்போதே சொன்னார்கள். அதனால் என்ன, என் மகன் முருகானந்தம் பி.எஸ்ஸி. படித்தவன் என்று நானும் சொன்னேன். படித்தவன்தான். முடித்தவன் இல்லை. அதை நான் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டபோது ஜோதி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும்.

முருகானந்தத்தை எப்படிப் படிக்க வைத்தேன் என்று இந்தத் தெருவுக்கே தெரியும். இருந்ததே இரண்டு அறை. ஒன்றை அவனுக்கு விட்டேன். பரீட்சை வந்தால் மிக்சி ஓடாது, டிவி பேசாது. பக்கத்து வீட்டில் விசேஷத்துக்கு ஸ்பீக்கர் கட்டினார்கள் என்று போய்ச் சண்டை பிடித்து ஸ்பீக்கர் வாயை இந்தப் பக்கம் இல்லாமல் திருப்ப வைத்தேன். மூன்றாம் வருடம் படிக்கும்போதே ஹாலில் டிவிக்கு மேலே ஓர் ஆணி அடித்தேன். கறுப்புக் கவுன் போட்டு, கையில் சுருட்டின காகிதத்தோடு அவன் நிற்கிற போட்டோவுக்காக. நாலு பேப்பர் அரியர் நின்றுவிட்டது. அடுத்த முறை, அடுத்த முறை என்று எழுதினான். அப்புறம் எழுதுவதை விட்டான். அப்புறம் இனி எழுதவே முடியாது, காலம் கடந்துவிட்டது என்று யுனிவர்சிட்டியிலேயே சொல்லிவிட்டார்கள். மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளி மொத்தக் கடையில் வேலைக்குப் போனான். இன்றைக்கும் அங்கேதான். ஆணியில் காலண்டர் மாட்டினேன். இந்த வருடம் மட்டும் என்று மாட்டினது, பதினைந்து காலண்டர் ஆகிவிட்டது.

பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ஜோதி புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் டோக்கன் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். நின்றபடியே வேலை. உள்ளே இன்சூரன்ஸ் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை, மரியாதையும் கூட. அங்கே போக டிகிரி வேண்டும் என்றார்கள். அன்று வந்து சாப்பிடும்போது, வீட்டிலிருந்தே படிக்கிற மாதிரி ஒரு பி.பி.ஏ.வில் சேரப்போகிறேன் என்றாள். முருகானந்தம் சோற்றைப் பிசைந்துகொண்டே, சேர் என்றான். நான் மட்டும் கேட்காத மாதிரி அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினேன்.

அந்தப் படிப்பு என்ன மாதிரி என்று சொல்ல வேண்டும். தென்னூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற அஃபீஃபா என்கிற பெண்தான் அவளுக்கு வழி காட்டினாள். அரசாங்கமே இணையத்தில் பாடம் நடத்துகிறதாம். சேர்வதற்குக் காசு இல்லை, பரீட்சைக்கு மட்டும் கட்டினால் போதும். பன்னிரண்டு வாரம் பாடம், கடைசியில் ஒரு நாள் நேரில் போய்ப் பரீட்சை. பாஸானால் அந்தப் பாடத்துக்கு இத்தனை கிரெடிட் என்று கொடுப்பார்கள். அந்தக் கிரெடிட் எல்லாம் ஒரு பேங்கில் சேருமாம். ஜோதி சேர்ந்திருக்கிற யுனிவர்சிட்டி அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டு டிகிரிக் கணக்கில் சேர்த்துவிடும். ஆறு செமஸ்டர் படிப்பு ஐந்திலேயே முடியும்.

பேங்க் என்றால் பாஸ்புக் எங்கே என்று கேட்டேன். சிரித்தாள். அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "அத்தை, நம்ம லோடுல எங்கப்பா தோட்டத்து இலையும் போகும், திருவளர்ச்சோலை இலையும் போகும். ஓட்டல்காரன் எந்தத் தோட்டம்னு கேப்பானா? நல்ல இலையான்னுதானே பாப்பான்."

நன்றாகவே புரிந்தது. புரிந்ததும் இன்னும் கொஞ்சம் எரிந்தது.

அவள் எங்கே உட்கார்ந்து படித்தாள் என்று நினைக்கிறீர்கள்? எங்கேயும் உட்காரவில்லை. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காதில் வயரை மாட்டிக்கொண்டு பாடம் கேட்டாள். அரிசி களையும்போது போனை அலமாரியில் சாய்த்து வைத்துக் கேட்டாள். நான் மிக்சி போட்டேன். வேண்டுமென்றே போட்டேன், இப்போது சொல்கிறேன். அவள் வயரைக் காதில் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். வாராவாரம் ஏதோ கேள்விக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். அதற்குப் புதன்கிழமை கெடு. புதன்கிழமைகளில் அனுப்பி முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் அதைக் கவனித்துவிட்டு, உங்க மருமகள் எந்தச் சாமிக்குப் புதன்கிழமை விரதம் இருக்கிறாள் என்று கேட்டாள். பெருமாளுக்குத்தான் என்று சொல்லிவைத்தேன். படிக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை நம்பி வெள்ளையம்மாளும் ஏழு புதன்கிழமை பட்டினி கிடந்தாள், பாவம்.

முதல் பாடம் பாஸ். கேசரி செய்து எடுத்து வந்தாள். எனக்குச் சர்க்கரை, வேண்டாம் என்றேன். முந்தின நாள்தான் ஒரு வளைகாப்பில் இரண்டு ஜாங்கிரி தின்றிருந்தேன். அது அவளுக்கும் தெரியும். கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துத் தின்றேன்.

மகனுக்குக் கதவைச் சாத்தி அறையைக் கொடுத்தேன், அவனுக்குப் படிப்பு வரவில்லை. அடுப்படியில் நிற்கிறாள், அவளுக்கு வருகிறது. இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

முருகானந்தத்துக்கும் உள்ளே இருந்தது. பரீட்சைக்கு அவன்தான் பைக்கில் கொண்டுபோய் விடுவான். வாசலில் மூன்று மணி நேரம் நின்று கூட்டி வருவான். வந்தபிறகு குத்தலாக ஒன்று சொல்வான். ஒரு தடவை, "எங்க காலத்துல பக்கம் பக்கமா எழுதணும். இப்ப என்ன, கம்ப்யூட்டர்ல டிக் அடிக்கிறதுதானே" என்றான்.

"நீங்களும் வந்து டிக் அடிங்களேன். யாரு வேணாம்னது?" என்றாள் ஜோதி. அவன் பைக்கைத் துடைத்தான். சுத்தமாக இருந்த பைக்கை.

ஒருநாள் நான் ஜோதிக்குத் தெரியாமல் தென்னூருக்குப் போய் அஃபீஃபாவைப் பார்த்தேன். என் மகன் பாஸான பேப்பர் இருபதுக்கு மேல் இருக்கிறது, அதையும் அந்தப் பேங்கில் போட்டு டிகிரி வாங்க முடியுமா என்று கேட்டேன். மார்க் ஷீட் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் கொண்டுபோயிருந்தேன். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தாள். ஏழு வருடத்துக்கு மேல் போனது செல்லாது, அதுவும் இவை அந்தப் பேங்க் வருவதற்கு முன்னாலேயே எழுதினவை என்றாள். வேண்டுமானால் அவர் முதலிலிருந்து சேரலாம் பாட்டி என்றாள். பையைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். காய்ந்த இலையை எந்த ஓட்டல்காரன் வாங்குவான்? அவள் இலை பச்சை, என் மகன் இலை சருகு. அன்று பஸ்ஸில் காவேரிப் பாலம் வந்ததும் போனதும் எனக்குத் தெரியவில்லை.

இனி என் போன் கதை. ஜோதி இந்த வீட்டுக்கு வந்ததும் அவள் ஆதாரில் விலாசம் மாற்றப் போனோம். ஒரு போன் நம்பர் கேட்டார்கள். கேஸுக்கும் ரேஷனுக்கும் கொடுத்த என் பட்டன் போன் நம்பரையே சொன்னேன். வீட்டில் எல்லோர் ஆதாருக்கும் அந்த ஒரே நம்பர்தான். வீட்டுக்குப் பெரியவள் நம்பர் இருக்கட்டும் என்று எனக்கு ஒரு பெருமை. மாற்ற வேண்டும் என்று ஜோதி சொல்லிக்கொண்டே இருந்தாள், நாள்தான் அமையவில்லை. ஆகவே அவள் எங்கே எதைத் திறக்க வேண்டுமானாலும், அந்தக் கிரெடிட் பேங்க் ஆனாலும், ஆறு எண் என் போனுக்குத்தான் வரும்.

போன வருடம் எங்கள் தெருவில் ஒருவரிடம் எவனோ போனில் பேசி ஓடிபியை வாங்கி ஏமாற்றிவிட்டான். அன்று ஜோதி என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள். யார் கேட்டாலும் அந்த எண்ணைப் போனில் சொல்லாதீர்கள் என்றாள். பேங்க் மேனேஜர் என்பான், போலீஸ் என்பான், நம்பாதீர்கள். "நானே போன்ல கேட்டாலும் சொல்லாதீங்க அத்தை. என் குரல்லகூடப் பேசுவாங்க" என்றாள். சரி என்றேன். மனசில் வைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது செமஸ்டர் முடிந்தது. கடைசி இரண்டு பாடத்தின் கிரெடிட்டை யுனிவர்சிட்டிக்கு மாற்றிவிட அனுமதி கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கெடு. தவறினால் இன்னும் ஆறு மாதம். ஆஸ்பத்திரியில் அந்த இன்சூரன்ஸ் இடத்துக்கு அவளோடு ஜூட் என்று இன்னொரு பையனையும் பார்த்து வைத்திருந்தார்கள். அவன் கையில் டிகிரி இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் முடித்ததற்கு ஒரு காகிதம் கொண்டுவந்தால் உனக்கு, இல்லாவிட்டால் அவனுக்கு என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். வியாழக்கிழமையே சொல்லியிருந்தாள். போனைக் கையில் தாருங்கள் என்றும் கேட்டிருந்தாள். கேஸ்காரர் வருவார், நான் எப்படி எண் சொல்வது என்று கொடுக்க மறுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டுக்கொண்டு அஃபீஃபா கடைக்குப் போயிருக்கிறாள். என் போன் டிங் என்றது. தபால் உறைபோல ஒரு படம் வரும், நடுப்பட்டனை அமுக்கினால் எண் தெரியும். அமுக்கிப் பார்த்தேன். ஆறு எண். உடனே ஜோதி கூப்பிட்டாள்.

"அத்தை, ஒரு மெசேஜ் வந்திருக்கும். அந்த ஆறு நம்பரைப் படிங்க."

"போன்ல சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கே."

"அத்தை, நான் ஜோதிதான் பேசறேன்."

"ஜோதி கேட்டாலும் சொல்லாதீங்கன்னுதான் ஜோதி சொன்னா."

 அப்புறம் பேத்தி பெயர், வகுப்பு, காலையில் நான் வைத்த குழம்பு எல்லாம் சொன்னாள். அவள்தான் என்று எனக்குத் தெரியாதா? பத்து நிமிடத்தில் எண் செத்துப்போனது. மறுபடி வரவழைத்தாள். மறுபடி மாட்டேன் என்றேன். மூன்றாவது தடவையும் அதேதான். அதற்குமேல் கேட்டால் கொஞ்ச நேரம் வராதாம். "சரி அத்தை" என்று வைத்துவிட்டாள். அந்தச் சரி அத்தை இன்னும் காதில் கிடக்கிறது. அவள் அழுதிருந்தாலோ கத்தியிருந்தாலோ எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நான் பயந்துபோய்த்தான் சொல்லவில்லை என்று ஜோதி இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். பயமில்லை. வேண்டுமென்றே செய்தேன். பேனாவை நிறுத்தாதே, எழுது.

ஒன்றரை மணிக்கு முருகானந்தம் வந்தான். கடையிலிருந்து கிளம்பி, வெயிலில் வந்திருந்தான். போனைக் கொடு, ஜோதியிடம் கொண்டுபோக வேண்டும் என்றான். இவனாவது என் பக்கம் நிற்பான் என்று நினைத்திருந்தேன். தண்ணீர் கொடுத்தேன். ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது, தெரியாதா உனக்கு என்றேன்.

"கேஸ்காரனுக்கு மாசாமாசம் சத்தமா படிக்கிற. தெருவுக்கே கேக்குது."

"அது வேற."

"அம்மா, அவ பாஸானா எனக்கு உள்ள வலிக்கத்தான் செய்யுது. இல்லைன்னு சொல்லலை. அது எனக்கும் அவளுக்கும் நடுவுல. நான் அவளை வண்டியில கொண்டுபோய் விட்டுட்டுத்தான் வலிச்சுக்கறேன். நீ எதுக்கு நடுவுல போனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

"உனக்காகத்தாண்டா."

"எனக்காக இல்லம்மா. அந்த ஆணிக்காக."

அப்படிச் சொல்லிவிட்டான். அவனுக்கும் அந்த ஆணி தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பதினைந்து வருடமாக அந்தக் காலண்டரில் அவனும் ஒவ்வொரு மாசமாகத்தான் கிழித்திருக்கிறான். நான் சுவரைப் பார்க்கவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு புடவையை மாற்றப் போனேன்.

போனைக் கொடுத்தால் போதும், நீ எதுக்கு வரே என்றான். போனில்தான் சொல்லக் கூடாது, நேரில் சொல்லலாம், நானே வந்து சொல்கிறேன் என்றேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்து பாலத்தைத் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தைத் தாண்டி, தென்னூர் போய்ச் சேர இரண்டரை ஆகிவிட்டது. ஜோதியின் பர்மிஷன் நேரம் எப்போதோ முடிந்திருந்தது. ஆனாலும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கேட்கவே தெரியாது, அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று.

அஃபீஃபா ஏதோ தட்டினாள். என் இடுப்பில் டிங் என்றது. போனை எடுத்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாகப் படித்தேன். நாலு. ஏழு. மறுபடி ஏழு. பாதியில் நிறுத்தி ஜோதியைப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள், புதன்கிழமைகளில் நிற்கிற மாதிரி. மிச்ச மூன்றையும் படித்தேன்.

திரையில் என்னமோ சுற்றியது. அப்புறம் பச்சையாக ஒரு குறி வந்தது. அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் பாட்டி, போய்ச் சேர்ந்துவிட்டது என்றாள் அஃபீஃபா. நான் முப்பது வருடம் லோடு அனுப்பியிருக்கிறேன், இத்தனை லேசாக ஒரு லோடும் போய்ச் சேர்ந்ததில்லை. முருகானந்தம் வெளியே போய் நாலு கரும்புச்சாறு வாங்கி வந்தான். எனக்கும் ஒன்று. சர்க்கரை என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காகிதம் வந்தது. ஜோதி இப்போது உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறாள். ஜூட் டோக்கன் இடத்தில் நிற்கிறான். நல்ல பையன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். போட்டோவும் வந்தது. கறுப்புக் கவுன், கையில் சுருட்டின காகிதம். முருகானந்தம் காலண்டரைக் கழற்றப் போனான். தொடாதே என்றேன். அந்த ஆணி அந்த ஆணிதான். சுத்தியலை எடுத்து வந்து பக்கத்தில் வேறோர் ஆணியை நானே அடித்தேன். ஜோதியின் போட்டோ அதில் தொங்குகிறது. உயரம் ஒன்றுதான், அளந்து பார்த்துத்தான் அடித்தேன். வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். யார் மகள் என்று கேட்கிறார்கள். மருமகள் என்று சொல்லும்போது பெருமையாகவும் இருக்கிறது, உள்ளே மிளகாய் வைத்த மாதிரியும் இருக்கிறது. இரண்டும் இருக்கிறது, நான் என்ன செய்ய?

ஆதாரில் நம்பர் மாற்ற ஜோதி இரண்டு தடவை நாள் பார்த்தாள். ஒரு தடவை எனக்கு முட்டி வலி, ஒரு தடவை தலை சுற்றல். நம்பர் இன்னும் என்னுடையதுதான்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் டிங் என்றது. கேஸ் பதிவு செய்யவில்லை. ஆறு எண். இந்தத் தடவை நானே ஜோதியைக் கூப்பிட்டேன், ஒரு நம்பர் வந்திருக்கிறது, நீ கேட்டாயா என்று. நான் கேட்கலையே அத்தை, யாருக்கும் சொல்லாதீங்க என்று பதறினாள். வைத்த உடனே மறுபடி மணி அடித்தது. முருகானந்தம். கடைச் சத்தத்துக்கு நடுவே குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அம்மா, ஒரு நம்பர் வந்திருக்கா?"

அவன் ஆதாரும் என் நம்பரில்தான் இருக்கிறது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. போனில்தான் சொன்னேன், ஆறையும், நிறுத்தாமல். ஜோதியிடம் சொல்லாதே என்றான். பாஸாகிறேனா பார்க்கலாம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றான். சரி என்றேன். முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். ஆறு செமஸ்டர். ஐந்தில் முடித்தாலும் முடிப்பான்.

இதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். அவள் கையாலேயே எழுதட்டும் என்றுதான் இவ்வளவு தூரம் உட்கார்ந்து சொன்னேன். என்னடி பார்க்கிறாய்? எழுது.